ஹியூபர்ட்டின் கைமணம்

சட்டியின் மூடியைத் திறந்த லெனாக்ஸ், திறந்த வேகத்திலேயே அதை மூடினான். பிறகு, ஒருவேளை தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் திறந்தான்.

தப்பாகப் பார்க்கவில்லை. கறுப்புக் குழம்பின் மேல் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. நடுவில் ஒரு குமிழி சாவகாசமாக எழும்பி, 'பொளக்' என்று உடைந்தது. கூடவே ஒரு புளித்த நாற்றம்.

"செத்தேன்," என்றான் லெனாக்ஸ். வீட்டில் அதைக் கேட்க நாயைத் தவிர யாரும் இல்லை.

ஏதோ ஒரு குழம்பு கெட்டுப்போயிருந்தால் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பான். கெட்டுப்போனது அவன் மாமியார் ஈனிட் அம்மாளின் பெப்பர்பாட். கயானா நாட்டின் நியூ ஆம்ஸ்டர்டாமில் அந்தச் சந்துக்கே தெரிந்த சட்டி அது. மாட்டுக்காலும் பன்றி இறைச்சியும் போட்டு, பட்டை, கிராம்பு, விரி விரி என்கிற குட்டி உருண்டை மிளகாய் சேர்த்து, மரவள்ளிச் சாற்றைக் கன்னங்கரேலென்று காய்ச்சிய கசரீப்பை ஊற்றிச் செய்வது. காலையிலும் மாலையிலும் தவறாமல் கொதிக்கவைத்தால் பெப்பர்பாட் கெடாது. குறையக் குறைய இறைச்சியும் கசரீப்பும் சேர்த்துக்கொண்டே போகலாம். ஈனிட் அம்மாள் அப்படித்தான் முப்பது வருஷத்துக்கு மேலாக, சட்டி ஒருநாளும் காலியாகாமல் காப்பாற்றி வந்தாள்.

காரணம், அதைத் தொடங்கி வைத்தவர் அவள் கணவர் ஹியூபர்ட்.

அந்தக் கதையை லெனாக்ஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டிருக்கிறான். கல்யாணமான முதல் வருஷம். ஈனிட் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள். வீடெல்லாம் வாசனை. அடுப்பில் சட்டி நிறைய பெப்பர்பாட், பக்கத்தில் கைகட்டிக்கொண்டு ஹியூபர்ட்.

"அதுக்கு முன்னால அந்த மனுஷன் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல," என்பாள் ஈனிட் அம்மாள். "அதுக்கப்புறமும், சாகுற வரைக்கும், ஒரு முட்டை அவிச்சதில்ல. அந்த ஒரே தடவைதான். எனக்காக."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். ஹியூபர்ட் உயிரோடு இருந்தவரை, இந்தக் கதை வரும்போதெல்லாம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கழுத்தைச் சொறிவார். ரொம்ப அடக்கமான மனிதர் என்று லெனாக்ஸ் நினைத்திருக்கிறான்.

இப்போது ஈனிட் அம்மாள் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு ஜார்ஜ்டவுன் போயிருந்தாள். துணைக்கு மகள் ஒடெஸா, அதாவது லெனாக்ஸின் மனைவி. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் வீட்டில் மிஞ்சியது லெனாக்ஸும் சட்டியும்தான்.

லெனாக்ஸ் மினிபஸ் ஓட்டுகிறவன். கல்யாணத்தின்போது மாமியாருக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிடித்ததாகத் தகவல் இல்லை. இத்தனை வருஷத்தில் அவனைப் பெயர் சொல்லி ஒருநாள் கூப்பிட்டதில்லை.

"ஏ டிரைவர்," என்றாள் கிளம்பும்போது. "வேற ஆள் இல்லாததால உன்கிட்ட சட்டிய விட்டுட்டுப் போறேன். காலையில ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி. வாயில வச்ச கரண்டி திரும்பச் சட்டிக்குள்ள போகக் கூடாது. ரொட்டித் துணுக்கு, சோத்துப் பருக்கை ஒண்ணும் விழக் கூடாது."

"நான் பார்த்துக்கறேன்மா."

"அதுக்குள்ள இருக்கறது வெறும் கறியில்ல. என் வீட்டுக்காரர். ஞாபகம் வச்சுக்க."

இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டால் மாமியார் தன்னையும் ஒரு மனுஷனாக மதிப்பாள் என்று லெனாக்ஸ் உறுதியாக நம்பினான். அதனால் ஒழுங்காகத்தான் கொதிக்கவைத்தான். விதி ரேடியோவில் வந்தது. வெஸ்ட் இண்டீஸ் விக்கெட்டே விழாமல் ஆடிக்கொண்டிருந்த அபூர்வமான மத்தியானம். பரபரப்பில் சட்டியையே மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து, தோய்த்து, கடித்து, கடித்ததையே மறுபடி தோய்த்து... எத்தனை தரம் தோய்த்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆட்டமும் கடைசியில் தோற்றுப்போனது.

இப்போது சட்டிக்குள் மாமனார் புளித்துப்போய்க் கிடந்தார்.

முதலில் அடுப்பை முழு வேகத்தில் வைத்துக் கொதிக்கவிட்டான். நுரை போய்விட்டது. நாற்றம் மட்டும் சட்டியை விட்டுக் கிளம்பி வீடெல்லாம் பரவியது. ஜன்னல்களைத் திறந்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

புளிப்புக்கு மாற்று சோடா மாவு என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். ஒரு கரண்டி போட்டான். ஒன்றும் ஆகவில்லை. பொறுமையில்லாமல் டப்பாவைக் கவிழ்த்தான்.

ஒரு விநாடி அமைதியாக இருந்தது. அப்புறம் சட்டி மூச்சு வாங்கியது. பழுப்பு நுரை புசுபுசுவென்று எழுந்து, விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, தரையில் இறங்கி அவன் கால்விரலைத் தொட்டது. லெனாக்ஸ் நாற்காலி மேல் ஏறி நின்றான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"லெனாக்ஸ், அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது," என்றாள் ஒடெஸா. "கண்ணுல கட்டு. போன்ல எதையும் பார்க்கக் கூடாதாம். அதனால சட்டி கொதிக்கிற சத்தத்தையாவது கேட்கணும்னு ஒரே பிடிவாதம்."

"சத்தமா?"

"போனைச் சட்டிகிட்ட பிடி."

வேறு வழியில்லை. நாற்காலியில் நின்றபடியே குனிந்து போனை நுரைக்கு மேலே பிடித்தான்.

"ஏ டிரைவர்!" மாமியாரின் குரல் வந்தது. "என்ன இது புஸ்ஸு புஸ்ஸுன்னு? என் சட்டி அப்படிக் கொதிக்காதே. அது தொப்பு தொப்புன்னுதான் கொதிக்கும்."

"அது... மழைம்மா. இங்க நல்ல மழை."

"வீட்டுக்குள்ளயா?"

"ஜன்னல் திறந்திருக்குது."

"ஜன்னலை மூடு முட்டாள்! மழைத்தண்ணி சட்டியில விழுந்துடப் போகுது!"

லெனாக்ஸ் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

போன் வைத்ததும் ருசி பார்த்தான். துணி சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. சோப்பை அடக்கச் சர்க்கரை போட்டான். சர்க்கரையை அடக்க மிளகாய் போட்டான். கடைசியில் ஒரு தட்டில் ஊற்றி நாய்க்கு வைத்தான். பட்டர் என்கிற அந்த நாய், மூன்று வீட்டுக் குப்பையைத் தின்று வளர்ந்த ஜீவன். தட்டை ஒருமுறை முகர்ந்தது. அவன் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு மாடிப்படி இறங்கி, உயரமான கட்டைக்கால்களில் நிற்கிற அந்த வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று முழுக்க மேலே வரவில்லை.

அப்போதுதான் லெனாக்ஸுக்கு அழுகை வந்தது. மாமியாருக்குப் பயந்த அழுகை இல்லை. அந்த அம்மாள் கணவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும், கறுப்பு உடையைக்கூட மாற்றாமல், நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைக் கொதிக்கவைத்ததை அவன் பார்த்திருக்கிறான். அவளுக்கு ஹியூபர்ட்டில் மிச்சமிருந்தது இவ்வளவுதான். அதையும் அவன் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே ஒழித்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் சீமைப்பலா மரத்தடியில் குழி வெட்டினான். தொப்பியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க மாமா," என்று சொல்லி எல்லாவற்றையும் ஊற்றி மூடினான்.

மீதி இருந்தது வெறும் சட்டி. அதிலும் புளிப்பு ஏறியிருந்தது. தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்தான். பயத்தில் தேய்த்த தேய்ப்பு, கை நிற்கவில்லை. முப்பது வருஷக் கரி அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது லெனாக்ஸுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஊரே 'ஈனிட்டின் இரும்புச் சட்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தது, அலுமினியம். வெயிலில் கண் கூசும்படி பளபளவென்று மின்னியது. அவன் முகம்கூட அதில் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

'பரவாயில்லை, அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது,' என்று தேற்றிக்கொண்டான். மருமகன் என்று நினைத்து வராந்தாத் தூணை இரண்டு தடவை திட்டியவள். சட்டி கறுப்பா வெள்ளையா என்று எங்கே கண்டுபிடிக்கப்போகிறாள்? இப்படித் தேறி ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான், அவள் ஜார்ஜ்டவுன் போனதே கண்ணைச் சரிபண்ணத்தான் என்பது உறைத்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது.

கறுப்பு நிறத்துக்குக் கசரீப்பைவிடக் கறுப்பு உண்டா? பாட்டிலில் இருந்ததை எடுத்துச் சட்டியின் வெளிப்புறமெல்லாம் பூசி, காய வைத்தான். நிறம் அருமையாகப் பிடித்தது. எறும்புகளும் அப்படியே நினைத்தன. கால்மணி நேரத்தில் சட்டி தானாக நகர்வதுபோல் இருந்தது. மறுபடி கழுவினான். முன்னைவிடப் பளபளத்தது.

போன் அடித்தது.

"கட்டைப் பிரிச்சாச்சு, டாக்டர் போகலாம்னு சொல்லிட்டாரு," என்றாள் ஒடெஸா. "நாளைக்கே வர்றோம். அம்மாவுக்குக் கண்ணு எவ்வளவு நல்லாத் தெரியுது தெரியுமா? தூரத்துல போற பஸ்ஸோட நம்பரெல்லாம் படிக்கறாங்க!"

"ரொம்ப சந்தோஷம்," என்றான் லெனாக்ஸ். அவன் குரலைக் கேட்டு ஒடெஸா, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

இனி ஒரே ஒரு வழிதான். கால்வாய்க்கு அந்தப் பக்கம், பலகைப் பாலத்தைத் தாண்டினால் வேவ்னி ஆன்ட்டியின் வீடு. அந்தச் சந்தில் கல்யாணமோ சாவோ, பெரிய சமையல் என்றால் அவள்தான். கிறிஸ்துமஸுக்கு அவள் அடுப்பிலும் ஒரு பெப்பர்பாட் இருக்கும். ஈனிட் அம்மாள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் காலையில் பின்னல் ரொட்டியோடு முதலில் வருகிற விருந்தாளியும் அவள்தான். ஹியூபர்ட்டின் கைமணத்தை ஊரே புகழும்போது, வேவ்னி மட்டும் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டுப் போவாள். பொறாமை என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள்.

சட்டியை எடுத்துக்கொண்டு போனால் குட்டு உடைந்துவிடும். வீட்டுக்கு அடியில் மாமனார் காலத்துத் தட்டுமுட்டுச் சாமான்களைக் குடைந்து, மூடியுள்ள ஒரு பழைய எனாமல் வாளியை எடுத்தான். வெள்ளை வாளி, நீலக் கரை, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நன்றாகக் கழுவிக்கொண்டு கால்வாயைத் தாண்டினான்.

"என்னடா லெனாக்ஸ்? உங்க வீட்டுக் குழாயில தண்ணி நின்னு போச்சா?" என்றாள் வேவ்னி கதவைத் திறந்து.

"இல்ல ஆன்ட்டி. உங்க பெப்பர்பாட் கொஞ்சம் வேணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

லெனாக்ஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்து நீட்டினான்.

வேவ்னி வாளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பவும் வாளியைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி மறுபடி தொடங்கிய சிரிப்பு.

"எங்க டிரைவருங்க எல்லாம் சேர்ந்து ஒரு விருந்து வைக்கறோம் ஆன்ட்டி," என்றான் அவசரமாக.

"ஆமாமா. விருந்து!" மறுபடி சிரிப்பு. "டிரைவருங்க விருந்து! உள்ள வா. முகத்தை ஏன் இப்படிப் பேய் பார்த்த மாதிரி வச்சிருக்க? நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்."

வாளி நிறைய ஊற்றிக் கொடுத்தாள். என்ன பழக்கம் என்று கேட்க லெனாக்ஸுக்குத் தோன்றவில்லை. குழம்பு சிந்தாமல் பலகைப் பாலத்தைத் தாண்டுவதே அவனுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

மறுநாள் மாமியார் வந்து இறங்கினாள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தூணைத் தூண் என்றே அடையாளம் கண்டுகொண்டாள்.

"டிரைவர், உனக்கு இவ்வளவு நரை விழுந்துடுச்சா?" என்று அவனை விசாரித்துவிட்டு, நேராக அடுப்படிக்குப் போனாள். லெனாக்ஸ் பின்னாலேயே போனான்.

அடுப்பின் மேல் சட்டி தகதகவென்று உட்கார்ந்திருந்தது.

ஈனிட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். ஒடெஸா, "லெனாக்ஸ், என்ன இது?" என்று ஆரம்பிப்பதற்குள் மாமியாரே பேசிவிட்டாள்.

"கடவுளே! என் சட்டி இவ்வளவு பளபளப்பா! இத்தனை வருஷமா எனக்குக் கறுப்பாத்தானே தெரிஞ்சுது! என் கண்ணு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" அவள் சட்டியை வளைத்து வளைத்துப் பார்த்தாள். "ஒடெஸா, அந்த டாக்டர் கை தங்கக் கைடீ!"

ஒடெஸா கணவனை முறைத்தாள். கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்தான்.

கண் தப்பித்தது. நாக்கு பாக்கி இருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் வீடு நிறைந்துவிட்டது. வேவ்னி ஆன்ட்டி வழக்கம்போல் முதல் ஆளாக ரொட்டியோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். இஞ்சி பியர் வந்தது. ஹியூபர்ட் கதை வந்தது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, ஈனிட் அம்மாள் கடைசியாகத் தன் ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள். மெல்லவில்லை. விழுங்கவில்லை.

பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. லெனாக்ஸ் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தான். வழியில் ஒன்பது பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா?" என்றாள் ஒடெஸா. "என்னம்மா ஆச்சு?"

"இது..." ஈனிட் அம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "இது என் குழம்பு இல்ல."

லெனாக்ஸ் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள் அவள். "சொன்னா நிஜமாயிடும்னு பயம். குறையக் குறைய நான்தானே சேர்த்துக்கிட்டு வந்தேன்? சேர்க்கச் சேர்க்க என் கைதான் ஏறிச்சு. அவர் ருசி கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. பத்து வருஷமா நான் தின்னுக்கிட்டிருந்தது என் சமையலைத்தான். அவரைத் தேடித் தேடிப் பார்த்தேன், சட்டியில இல்ல." கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. "இன்னைக்கு வந்துட்டாரு. அந்த முதல் கிறிஸ்துமஸ் ருசி இது. அச்சு அசல். அதே கிராம்பு, அதே ஆரஞ்சுத்தோல். நான் மறந்தே போயிருந்தேன், ஆரஞ்சுத்தோல் போட்டிருந்தாருன்னு!"

அவள் அறையைக் கடந்து வந்தாள். லெனாக்ஸின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"லெனாக்ஸ். என் மகனே. நீ என்ன பண்ணின?"

இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை. அது வந்த நேரத்தைப் பார்! சோடா மாவையும் எறும்புகளையும் சமாளித்த லெனாக்ஸ் இதில் உடைந்துபோனான். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யை விழுங்க அவனால் முடியாது.

"அம்மா, நான் ஒரு உண்மையைச் சொல்லிடணும். அந்தச் சட்டியில..." என்று வாயைத் திறந்தான்.

திறந்த வாயில் அரை ரொட்டி வந்து அடைத்தது. எப்போது எழுந்தாள், எப்படி இவ்வளவு வேகமாக வந்தாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் வேவ்னி நின்றாள்.

"என்னத்தைப் பண்ணியிருப்பான்? வேளை தவறாம கொதிக்க வச்சிருப்பான்," என்றாள். "பையன் காலையிலேருந்து ஒண்ணும் தின்னல. வா தம்பி, என் தட்டையெல்லாம் பாலம் வரைக்கும் தூக்கிட்டு வா."

அவன் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு அடியில், கழுவிக் கவிழ்த்திருந்த எனாமல் வாளியின் பக்கத்தில் வந்துதான் லெனாக்ஸால் ரொட்டியை விழுங்க முடிந்தது.

"ஏன் ஆன்ட்டி தடுத்தீங்க?" அவன் கண் கலங்கியிருந்தது. "அவங்க மாமாவே திரும்பி வந்துட்டதா நினைச்சு அழுவுறாங்க. நான் எப்பேர்ப்பட்ட மோசக்காரன்! உங்க குழம்பைக் கொண்டுபோய் மாமாவோட கைமணம்னு..."

வேவ்னி குனிந்து அந்த வாளியைத் தூக்கினாள். நசுங்கின பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். மேலே ஈனிட் அம்மாள் ஹியூபர்ட் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"ஹியூபர்ட்டுக்கு ஏதுடா கைமணம்? அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவரும் ஒரு சட்டி கறியைக் கருக்கிட்டு, இதே வாளியைத் தூக்கிக்கிட்டு, உன்னை மாதிரியே முழிச்சுக்கிட்டு என் வாசல்லதான் வந்து நின்னாரு."